நோயாளியின் கோப்பை யார் திறக்கலாம்? மருத்துவமனைக் கணினிகளில் அந்தரங்கத் தகவல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவமனை சாஃப்ட்வேரைப் பராமரிக்கும் ஐ.டி. பிரிவினரும், மருத்துவப் பதிவுகள் பிரிவில் இருப்பவர்களும், வார்டில் அதைத் தினமும் பயன்படுத்தும் டாக்டர்களும் நர்ஸ்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நோயாளிகள் கேட்பதும் ஒன்றிரண்டு உண்டு. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். வார்டில் வரும் சிக்கல் எங்கேயும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

நோயாளியைப் பற்றிய எல்லாத் தகவலும் ரகசியம்தானே? அதில் தனியாக ‘அந்தரங்கம்’ என்று எதைப் பிரிக்கிறீர்கள்?

எல்லாமே ரகசியம்தான். ஆனால் கால் எலும்பு முறிந்தது வெளியே தெரிந்தால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகிவிடாது. எச்.ஐ.வி., மனநல சிகிச்சை, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சை, கருக்கலைப்பு, பாலியல் வன்முறைக்குப் பிறகான பரிசோதனை, மரபணுச் சோதனை முடிவு போன்றவை வெளியே போனால் வேலை போகும், திருமணம் நிற்கும், சிலருக்கு உயிருக்கே ஆபத்து வரும். இவற்றுக்குக் கூடுதல் பாதுகாப்பு வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

நோயால் இல்லாமல் ஆளால் அந்தரங்கமாகிற கோப்புகளும் உண்டு. அதே மருத்துவமனையில் வேலை செய்பவர் நோயாளியாக வந்தால், அவருடைய சாதாரண ரத்தப் பரிசோதனையைக்கூடப் பார்க்க நாலு பேர் ஆர்வமாக இருப்பார்கள். பிரபலங்களுக்கும் இதே கதிதான். அடித்துத் துன்புறுத்தும் கணவரிடமிருந்து தப்பி வந்த பெண்ணுக்கோ நோய் ரகசியம் இல்லை, புது முகவரியும் போன் எண்ணும்தான் ரகசியம். பெரும்பாலான சாஃப்ட்வேர்களில் முகவரி இருக்கும் பதிவுத் திரைதான் எல்லோருக்கும் திறந்திருக்கிறது.

நோயின் பெயரை மட்டும் மறைத்துவிட்டால் போதாதா?

போதாது. பல மருத்துவமனைகள் ஏமாந்துபோகும் இடம் இது. நோய்ப் பட்டியலில் ‘எச்.ஐ.வி.’ என்ற வரியை மறைத்துவிடுகிறார்கள். மருந்துப் பட்டியலில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்துகள் மூன்றும் அப்படியே நிற்கின்றன. மருந்துக் கடையில் கொஞ்ச நாள் வேலை பார்த்தவருக்கே விஷயம் புரிந்துவிடும். அதையும் மறைத்தால் லேபில், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு எடுக்கும் ‘சி.டி.4 எண்ணிக்கை’ இருக்கும். அதையும் மறைத்தால் அப்பாயின்ட்மென்ட் பட்டியலில் கிளினிக்கின் பெயர், பில்லில் ஒரு வரி, பரிந்துரைக் கடிதத்தின் முதல் வாக்கியம், எப்போதோ ஸ்கேன் செய்து ஏற்றிய பழைய காகிதம் என்று ஏதாவது ஒன்று காட்டிக்கொடுக்கும். டாக்டர் தன் கையால் தட்டச்சு செய்யும் குறிப்புதான் இருப்பதிலேயே கஷ்டம். அதில் எந்த வரியில் எது இருக்கும் என்று சாஃப்ட்வேருக்குத் தெரியாது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. பொய்ப் பெயரில் ஒரு சோதனை நோயாளியை உருவாக்குங்கள். நோய், மருந்து, லேப், பில், கடிதம் எல்லாவற்றையும் நிரப்பி அந்தரங்கக் குறியிடுங்கள். பிறகு வரவேற்பு, லேப், பில்லிங், பொது வார்டு நர்ஸ் என ஒவ்வொருவருடைய லாகினிலும் நுழைந்து எல்லாத் திரையையும் திறந்து பாருங்கள். திரையோடு நிறுத்தாமல் பிரிண்ட்டும் எடுங்கள்: கைப்பட்டை, ரத்தக் குப்பி ஸ்டிக்கர், டிஸ்சார்ஜ் சம்மரி, வார்டு மாறும்போது எடுக்கும் ஒப்படைப்புப் பட்டியல். திரையில் மறைந்தது பிரிண்ட்டரில் வந்து நிற்பதை அங்கேதான் பார்ப்பீர்கள். சாஃப்ட்வேர் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் இதை மறுபடி செய்ய வேண்டும்.

அப்படியானால் எல்லாவற்றையும் இறுக்கமாகப் பூட்டிவிடலாமே?

வங்கியில் பூட்டலாம். மருத்துவமனையில் பூட்டினால் ஆள் செத்துப்போவார்.

மிகைப்படுத்தவில்லை. போதைப் பழக்கத்திலிருந்து மீள நால்ட்ரெக்ஸோன் எடுத்துக்கொள்பவர் விபத்தில் அடிபட்டு வருகிறார் என்று வையுங்கள். அந்த மருந்து ஓபியாய்டு வலி நிவாரணிகள் வேலை செய்வதைத் தடுத்து நிற்கும். தெரியாதவர் மார்ஃபினை ஏற்றிக்கொண்டே போவார். எச்.ஐ.வி. மருந்தான ரிடோனவிர் எடுப்பவருக்கு, கொழுப்பைக் குறைக்கச் சாதாரணமாக எழுதும் சிம்வாஸ்டாட்டின் தசைகளையே சிதைக்கலாம். பழைய எம்.ஏ.ஓ. தடுப்பு மனநல மருந்துகளோடு பெத்திடின் என்ற வலி நிவாரணி சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. இந்த மூன்றிலும் மறைக்கச் சொல்லி நாம் கேட்கும் மருந்துதான் சிகிச்சை தருபவருக்குத் தெரிந்தே ஆக வேண்டிய மருந்து.

பிரிட்டனில் 1997-ல் ஃபியோனா கால்டிகாட் தலைமையிலான குழு நோயாளித் தகவலைக் கையாள ஆறு கோட்பாடுகளை வகுத்தது. 2013-ல் ஏழாவது ஒன்று சேர்ந்தது: தகவலைப் பகிர வேண்டிய கடமை, ரகசியம் காக்கும் கடமைக்குச் சமமான முக்கியத்துவம் உடையதாக இருக்கலாம். பூட்டிப் பூட்டிப் பழகியதன் விளைவைப் பார்த்த பிறகு சேர்த்தது அது.

நடுவழி ஒன்று உண்டு. மனிதர்கள் பார்க்கும் பட்டியலை மறையுங்கள், ஆனால் மருந்து எதிர்வினைச் சோதனையைப் பின்னணியில் எல்லா மருந்துகளின் மீதும் ஓட விடுங்கள். முரண்பாடு வந்தால், ‘இந்த மருந்து மறைக்கப்பட்ட ஒரு மருந்தோடு ஒத்துப்போகாது, மருந்தாளுநரை அழையுங்கள்’ என்று எச்சரிக்கை வரட்டும். அந்த எச்சரிக்கையே கொஞ்சம் விஷயத்தை வெளியே விடுகிறது என்பது உண்மை. ஆனால் அந்த அளவு கசிவு ஏற்கத்தக்கது, ஒருவரைச் சாகவிடுவதைவிட.

‘இந்தக் கோப்பில் மறைக்கப்பட்ட பகுதி உள்ளது’ என்று திரையில் காட்டலாமா?

சிகிச்சை தரும் டாக்டருக்கும் நர்ஸுக்கும் காட்ட வேண்டும். இல்லையென்றால், கண் முன்னால் இருப்பதே முழுக் கோப்பு என்று நம்பி முடிவெடுப்பார்கள். பில்லிங், வரவேற்பு போன்றவர்களுக்குக் காட்டத் தேவையில்லை. அவர்களுக்கு அது ஊகத்துக்குத்தான் உதவும்.

டாக்டர், நர்ஸ், லேப், பில்லிங் என்று ரோல் பிரித்துக் கொடுத்திருக்கிறோம். போதாதா?

ஆரம்பத்துக்குப் போதும். ரோல் வைத்து உரிமை தரும் முறையை 1992-ல் ஃபெராயோலோ, குன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் முறைப்படுத்தி எழுதினார்கள். இன்று வரை பெரும்பாலான மருத்துவமனைகள் அதில்தான் ஓடுகின்றன. பில்லிங் கிளார்க்குக்கு மனநலக் குறிப்பு தேவையில்லை என்பதை ரோல் நன்றாகவே பார்த்துக்கொள்ளும்.

ஆனால் ‘டாக்டர்’ என்ற ரோல் மட்டும் இருந்தால், கண் டாக்டர் ஒருவர் மகப்பேறு வார்டில் இருக்கும் தன் பக்கத்து வீட்டுக்காரரின் கோப்பைத் திறந்து படிக்கலாம். சாஃப்ட்வேர் கண்ணுக்கு அவர் டாக்டர், அவ்வளவுதான். ‘என்ன வேலை செய்பவர்’ என்பதற்கு ரோல் பதில் சொல்லும். ‘இந்த நோயாளிக்கு இவர் யார்’ என்பதற்குச் சொல்லாது. இரண்டுக்கும் ‘ஆம்’ என்று வந்தால்தான் கோப்பு திறக்க வேண்டும்.

ரோலைப் பிரிப்பதிலும் ஒரு சோம்பேறித்தனம் உண்டு. புதிதாக யாராவது சேர்ந்தால் ‘பழைய நர்ஸுக்கு இருந்ததையே காப்பி பண்ணிடுங்க’ என்பார்கள். அந்தப் பழைய நர்ஸ் பதினைந்து வருடத்தில் நான்கு பிரிவுகளுக்கு மாறியிருப்பார், நான்கின் உரிமையும் அவரிடம் சேர்ந்திருக்கும். அது அப்படியே புதியவருக்கும் போய்விடும்.

யார் யாருக்குச் சிகிச்சை தருகிறார்கள் என்று சாஃப்ட்வேருக்கு எப்படித் தெரியும்?

பெரும்பாலும் அதற்கு ஏற்கெனவே தெரியும். நோயாளி எந்த வார்டில், எந்தப் படுக்கையில் சேர்க்கப்பட்டிருக்கிறார், இன்று யாரிடம் அப்பாயின்ட்மென்ட், யார் ஸ்கேன் எழுதினார், யாருக்கு அதைப் படிக்க அனுப்பினார், இன்று இரவு அந்த வார்டுக்கு ட்யூட்டி யார் — எல்லாம் ஏதோ ஒரு டேபிளில் இருக்கும். அவற்றைச் சேர்த்தால் உறவு கிடைத்துவிடும்.

வம்பு வருவது ஓரங்களில்தான். ஆள் பற்றாக்குறையால் ஐந்தாம் வார்டு நர்ஸை மதியம் மூன்றாம் வார்டுக்கு அனுப்புவார்கள், ட்யூட்டி பட்டியலில் யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். மயக்க மருந்து டாக்டருக்கு நாளைய ஆபரேஷன் பட்டியல் இன்று சாயங்காலமே வேண்டும். டிஸ்சார்ஜ் ஆன நோயாளியின் கல்ச்சர் ரிப்போர்ட் இரண்டு நாள் கழித்து வரும், அதைப் பார்க்க வேண்டிய டாக்டருக்கு அதற்குள் கதவு மூடியிருக்கும். ஆகவே டிஸ்சார்ஜ் ஆனதும் உரிமையைத் துண்டிக்காமல் ஒரு வால் விட வேண்டும். எவ்வளவு நாள் என்பதை நிலுவையில் இருக்கும் ரிப்போர்ட்டுகளை வைத்து முடிவு செய்யலாம். வார்டு பொறுப்பாளர் தன் வார்டுக்கு வந்த ஆளை அங்கேயே, ஐ.டி. பிரிவுக்கு போன் போடாமல், சேர்த்துக்கொள்ளவும் வழி வேண்டும். இந்த ஓரங்களைக் கவனிக்காமல் விதியை இயக்கினால், ஒரே வாரத்தில் ‘எல்லோருக்கும் எல்லாம் திறந்துவிடுங்கள்’ என்று உத்தரவு வந்துவிடும்.

‘கண்ணாடியை உடைப்பது’ என்கிறார்களே, அது என்ன?

தீயணைப்புப் பெட்டியின் கண்ணாடியைப் போல, அவசரத்தில் உடைத்துத் திறக்கும் வழி. உரிமை இல்லாத ஒருவர் கோப்பைத் திறக்க முயன்றால் ‘முடியாது’ என்று நிறுத்தாமல், ‘இந்த நோயாளியின் சிகிச்சையில் நீங்கள் இருப்பதாகப் பதிவு இல்லை. காரணம் சொல்லித் திறக்கலாம். இது உங்கள் பெயரில் பதிவாகும், பரிசீலிக்கப்படும்’ என்று திரை கேட்கும். காரணத்தைத் தேர்ந்தால் உடனே திறந்துவிடும். அமெரிக்காவின் மருத்துவத் தகவல் சட்டமான ஹிப்பாவின் பாதுகாப்பு விதிகளே அவசர அணுகலுக்கு ஒரு நடைமுறை கட்டாயம் இருக்க வேண்டும் என்கின்றன.

இது வேலை செய்ய மூன்று விஷயம் சரியாக அமைய வேண்டும். ஒன்று, வேகம். இதயம் நின்றவரின் படுக்கையருகே நிற்பவரிடம் இருபது எழுத்துக்குக் குறையாமல் காரணம் தட்டச்சு செய்யச் சொன்னால், அவர் ‘ஆஆஆஆஆ’ என்று அடித்துவிட்டுப் போவார். நான்கைந்து காரணங்களைக் கொண்ட பட்டியல் போதும். இரண்டு, உடைத்தது பிறகு மூடிக்கொள்ள வேண்டும். ஒரு முறை உடைத்தவருக்கு அந்தக் கோப்பு நிரந்தரமாகத் திறந்திருந்தால் அது புறவாசல். மூன்றாவதைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை: மறுநாள் யாராவது ஒருவர் உட்கார்ந்து, நேற்று உடைக்கப்பட்டவற்றைப் பார்த்து, தேவைப்பட்டால் போன் போட்டுக் கேட்க வேண்டும். யாரும் கேட்க மாட்டார்கள் என்று தெரிந்துவிட்டால், அந்த எச்சரிக்கைத் திரை இன்னொரு கிளிக், அவ்வளவுதான்.

ஒரே பிரிவு மட்டும் தினமும் நிறைய உடைக்கிறது என்றால் அவர்களைத் திட்டுவதற்கு முன் விதியைச் சரிபாருங்கள். பெரும்பாலும் அந்தப் பிரிவின் ட்யூட்டி பட்டியல் சாஃப்ட்வேரோடு இணைக்கப்பட்டிருக்காது.

வார்டில் காலையில் ஒருவர் லாகின் செய்கிறார், இரவு வரை எல்லோரும் அதிலேயே வேலை செய்கிறார்கள். எவ்வளவு சொன்னாலும் நிற்கவில்லை.

சொல்லி நிற்காது. ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க, ஒரு கடிகாரத்தோடு வார்டில் போய் நில்லுங்கள். லாகின் ஆக முக்கால் நிமிடம், சாஃப்ட்வேர் திறக்க இன்னொரு நிமிடம், லேப் ரிப்போர்ட்டுக்கு வேறு பாஸ்வேர்டு, எக்ஸ்-ரேவுக்கு வேறு பாஸ்வேர்டு. ஒரு நர்ஸ் ஒரு ஷிப்ட்டில் இதை எத்தனை முறை செய்வார்? அவர் விதியை மீறவில்லை, நேரத்தை மிச்சப்படுத்துகிறார்.

அட்டையைத் தட்டினால் தன் திரை வர வேண்டும், எடுத்தால் மூட வேண்டும். பக்கத்துக் கம்ப்யூட்டரில் தட்டினால் விட்ட இடத்திலிருந்தே வர வேண்டும். அதற்குச் செலவு செய்தால் லாகின் பகிர்வு தானாகக் குறையும். அட்டைக்கு வழி இல்லாத இடத்தில், குறைந்தபட்சம் ஒரே பாஸ்வேர்டில் எல்லா சாஃப்ட்வேரும் திறக்கும்படி செய்யுங்கள். தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். திருடு போனதற்கான அறிகுறி இல்லாமல் மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட்டே சொல்லிவிட்டது. கெடு வந்தால் பாஸ்வேர்டின் கடைசி எண்தான் மாறுகிறது, மானிட்டரில் ஒட்டியிருக்கும் காகிதமும் மாறுகிறது.

தானாக மூடும் நேரத்தையும் இடத்துக்கு இடம் மாற்றுங்கள். நோயாளிகளின் உறவினர்கள் நடமாடும் வராந்தாவில் இரண்டு நிமிடம் சரி. ஆபரேஷன் தியேட்டருக்குள் இரண்டு நிமிடத்தில் திரை மூடிக்கொண்டால், மயக்க மருந்து டாக்டர் மவுஸின் மேல் எதையாவது வைத்து அசைய விடுவார்.

ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் லாகினில் யார் எதைத் திறந்தாலும், விசாரணை வந்தால் அழைப்பு உங்களுக்குத்தான்.

யார் எதைத் திறந்தார்கள் என்று சாஃப்ட்வேர் குறித்துவைக்கும் லாகில் என்னென்ன பதிவாக வேண்டும்?

இதற்கு ஒரு வழக்கைச் சொல்வது நல்லது. ஃபின்லாந்தில் ஒரு நர்ஸ். எச்.ஐ.வி. உள்ளவர். தான் வேலை செய்த மருத்துவமனையிலேயே சிகிச்சையும் பெற்றார். சக ஊழியர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டதாக 1990-களின் தொடக்கத்தில் சந்தேகம் வந்தது. யார் தன் கோப்பைப் பார்த்தார்கள் என்று கேட்டார். மருத்துவமனையால் சொல்ல முடியவில்லை. அங்கே இருந்த பதிவு, கடைசி ஐந்து பார்வைகளை மட்டுமே வைத்திருந்தது. அதிலும் ஆளின் பெயர் இல்லை, பிரிவின் பெயர்தான். கோப்பு காப்பகத்துக்குத் திரும்பியதும் அதுவும் அழிந்துவிடும். உள்நாட்டு நீதிமன்றங்களில் அவர் தோற்றார், நிரூபிக்க ஒன்றும் இல்லையே. கடைசியில் 2008 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. யார் பார்த்தார்கள் என்று சொல்ல முடியாத அமைப்பை வைத்திருந்ததே அரசின் தவறு என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

ஆகவே ஆளின் பெயர் வேண்டும், பிரிவின் பெயர் போதாது. யாருடைய கோப்பு, எந்தத் திரை, எந்த நேரம், எந்தக் கம்ப்யூட்டர், சும்மா பார்த்தாரா, பிரிண்ட் எடுத்தாரா, கோப்பாக இறக்கினாரா — எல்லாம் வேண்டும். பல சாஃப்ட்வேர்கள் மாற்றத்தை மட்டும் பதிவு செய்யும், பார்வையைப் பதிவு செய்யாது. அந்தரங்கம் பறிபோவது பார்வையில்தான். பெயர் போட்டுத் தேடியதும் பதிவாக வேண்டும், ஏனென்றால் தேடல் முடிவிலேயே ‘மனநலப் பிரிவு, படுக்கை 12’ என்று வந்துவிடும். லாகை அட்மின் உட்பட யாராலும் அழிக்க முடியாத வேறொரு இடத்தில் வையுங்கள்.

லட்சக்கணக்கான வரிகள் சேர்கின்றன. யார் படிப்பது?

எல்லாவற்றையும் யாராலும் படிக்க முடியாது. ஆனால் யாருமே படிக்காமல் இருப்பதற்கு அபராதம் உண்டு. நெதர்லாந்தில் ஹாகா மருத்துவமனையில், தொலைக்காட்சியில் பிரபலமான ஒருவரின் கோப்பைச் சம்பந்தமே இல்லாத பல டஜன் ஊழியர்கள் பார்த்தார்கள். 2019-ல் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 4,60,000 யூரோ அபராதம் விதித்தது. பின்னர் நீதிமன்றம் அதை 3,50,000 யூரோவாகக் குறைத்தது. குற்றச்சாட்டு இரண்டு: லாகை முறையாகச் சரிபார்க்கவில்லை, லாகினுக்கு, பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு இல்லை. அமெரிக்காவில் யு.சி.எல்.ஏ. மருத்துவமனைகளும், பிரபலங்களின் கோப்புகளை ஊழியர்கள் எட்டிப் பார்த்த விவகாரத்தில் 2011-ல் 8,65,500 டாலர் கட்டின.

படிக்க வேண்டியதைக் கம்ப்யூட்டரே பொறுக்கித் தரும். பார்த்தவருக்கும் நோயாளிக்கும் ஒரே முகவரி. நோயாளி அதே பிரிவில் வேலை செய்பவர். அப்பாயின்ட்மென்ட், அட்மிஷன், லேப் எதுவுமே இல்லாத கோப்பு திடீரென்று திறக்கப்படுகிறது. செய்தியில் அடிபடும் பெயரை ஒரே நாளில் பலர் தேடுகிறார்கள். லீவில் இருப்பவரின் லாகின் வேலை செய்கிறது. இப்படி ஐந்தாறு விதி போட்டாலே தினமும் பார்க்க வேண்டியது கையளவுக்கு வந்துவிடும். அதோடு, மாதாமாதம் குலுக்கல் முறையில் சிலரை எடுத்து ‘இந்தக் கோப்பை ஏன் திறந்தீர்கள்?’ என்று மரியாதையாகக் கேளுங்கள். நியாயமான பதில்தான் பெரும்பாலும் வரும். ஆனால் கேட்கிறார்கள் என்ற செய்தி மருத்துவமனை முழுக்கப் போய்ச் சேரும், எந்தச் சுற்றறிக்கையையும்விட வேகமாக.

எஸ்டோனியா இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. அங்கே தன் கோப்பை யார் திறந்தார்கள் என்று நோயாளியே இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். சம்பந்தமில்லாதவர் யார் என்று நோயாளியைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

நான் இங்கே வேலை செய்கிறேன். என் ரிப்போர்ட்டையோ அம்மாவின் ரிப்போர்ட்டையோ நானே திறந்து பார்க்கலாமா?

அம்மாவுடையதை, அவருக்குச் சிகிச்சை தருபவராக இல்லாமல் திறக்கக் கூடாது. அம்மாவே சொன்னாலும் சரி. மகளிடமிருந்து மறைக்க விரும்பும் ஒன்று அந்தக் கோப்பில் இருக்கலாம், ‘பார்க்காதே’ என்று சொல்ல அவருக்கு வாய் வராமல் இருக்கலாம். உங்கள் சொந்த ரிப்போர்ட்டை மற்ற நோயாளிகள் வாங்கும் வழியிலேயே வாங்குங்கள். சில இடங்களில் சொந்தக் கோப்பைத் திறக்க அனுமதி உண்டு. அங்கேயும் அதில் எதையும் எழுதவோ மாற்றவோ கூடாது.

வேலையை விட்டுப் போனவர்களின் லாகினை எப்போது நிறுத்த வேண்டும்?

கடைசி நாளன்றே. போர்ச்சுகலில் பர்ரேய்ரோ மருத்துவமனைக்கு 2018-ல் 4,00,000 யூரோ அபராதம் விதித்தார்கள். 296 டாக்டர்கள் இருந்த இடத்தில் 985 டாக்டர் கணக்குகள் உயிரோடு இருந்தன. தற்காலிகமாக வந்தவர்கள், போனவர்கள், டாக்டரே இல்லாதவர்கள் என்று சேர்ந்துகொண்டே போயிருந்தது.

ஐ.டி. பிரிவுக்கு யாராவது சொல்வார்கள் என்று காத்திருப்பதில் பயனில்லை. சம்பளப் பட்டியலிலிருந்து பெயர் போனால் லாகினும் போகும்படி இணைத்துவிடுங்கள். பயிற்சி டாக்டர், ஒப்பந்த நர்ஸ், மாணவர் ஆகியோருக்குக் கணக்கு தொடங்கும்போதே முடிவுத் தேதி போட்டுவிட வேண்டும். வேண்டுமானால் நீட்டித்துக்கொள்ளலாம்.

டேட்டாபேஸ் அட்மினும் சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்களும் எல்லாவற்றையும் பார்க்க முடிகிறதே?

முடியும். திரையில் போட்ட விதி எதுவும் டேட்டாபேஸுக்குள் நேராகப் போகிறவரைத் தடுக்காது. அந்தரங்கப் பகுதிகளைத் தனிச் சாவியால் குறியாக்கி, சாவியை வேறொருவரிடம் வைக்கலாம். கம்பெனிக்காரர்கள் தேவைப்படும்போது மட்டும், குறிப்பிட்ட நேரத்துக்கு, உங்கள் ஆள் பார்த்துக்கொண்டிருக்க உள்ளே வரட்டும்.

அதைவிடப் பெரிய ஓட்டை சோதனைப் பிரதி. புது வெர்ஷனைச் சோதிக்க நிஜ டேட்டாபேஸை அப்படியே காப்பி எடுப்பார்கள். அதில் லாக் இருக்காது, ரோல் இருக்காது, எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. இந்தப் பிரதிகளை முதலில் எண்ணிப் பாருங்கள்.

ஆராய்ச்சிக்குக் கொடுக்கும்போது பெயரையும் போன் எண்ணையும் நீக்கிவிடுகிறோம். பிரச்சினை இல்லையே?

பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றும் இருந்தால் அமெரிக்க மக்களில் சுமார் 87 சதவீதம் பேரைத் தனியாக அடையாளம் காண முடியும் என்று ஆய்வாளர் லதான்யா ஸ்வீனி கணக்கிட்டுக் காட்டினார். மாசசூசெட்ஸ் மாநில ஆளுநரின் மருத்துவப் பதிவையே அவர் 1990-களில், பெயர் நீக்கிய தரவிலிருந்து, வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார். பிறந்த தேதிக்குப் பதில் வயது வரம்பு, முழுக் குறியீட்டுக்குப் பதில் பெரிய பகுதி என்று மழுங்கடித்துக் கொடுங்கள். அரிய நோய் என்றால் அதுவும் போதாது, அந்தப் பகுதியிலேயே அவர் ஒருவர்தான் இருப்பார்.

எக்செல்லில் இறக்கிக்கொள்ளும் பட்டியல்கள்?

இத்தனை விதிகளும் ஒரே கிளிக்கில் வீணாகும் இடம். சிங்கப்பூரில் எச்.ஐ.வி. பதிவேட்டிலிருந்த 14,200 பேரின் விவரம் இணையத்தில் கசிந்ததாக 2019 ஜனவரியில் அரசு அறிவித்தது. பதிவேட்டைப் பார்க்க உரிமை இருந்த ஒரு டாக்டரின் வழியாக அது வெளியே போயிருந்தது. இப்போது அங்கே அந்தப் பட்டியலை இறக்க இரண்டு பேர் ஒப்புதல் தர வேண்டும். நல்ல விதி. ஒரு கோப்பைப் பார்ப்பதையும் ஆயிரம் கோப்புகளை இறக்குவதையும் ஒரே உரிமைக்குள் வைக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் திரையைப் படம் பிடித்து அனுப்புவதைத் தடுக்க, மருத்துவமனைக்குள்ளேயே அதே அளவு எளிதான செய்தி வசதி தருவதைத் தவிர வேறு வழி இருப்பதாகத் தெரியவில்லை.

நோயாளி போர்ட்டலில் குடும்பத்தினர் நுழைவதை எப்படிக் கையாள்வது?

நோயாளியின் பாஸ்வேர்டைக் கொடுத்து நுழையும் பழக்கத்தை ஊக்குவிக்காதீர்கள், உறவினருக்குத் தனிக் கணக்கு கொடுங்கள். எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்று அப்போதுதான் பிரிக்க முடியும். பதின்ம வயதுப் பிள்ளைகள் விஷயத்தில் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். குழந்தையாக இருந்தபோது பெற்றோருக்குக் கொடுத்த உரிமை, பிள்ளை ஒரு வயதைத் தாண்டியதும் தானாகச் சுருங்க வேண்டும். குறுஞ்செய்தியில் கிளினிக்கின் பெயரைப் போடாதீர்கள். பூட்டிய போனின் திரையில் அது வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்.

ஹேக்கர்கள் விஷயத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

அவர்கள் பெரும்பாலும் யாரோ ஒருவரின் உரிமையைத் திருடிக்கொண்டுதான் உள்ளே வருகிறார்கள். அமெரிக்காவில் 2024 பிப்ரவரியில் மருத்துவ பில்களைக் கையாளும் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனம் முடங்கியது, இரண்டடுக்குச் சரிபார்ப்பு இல்லாத ஒரு வெளிவாசலில் திருட்டு பாஸ்வேர்டோடு நுழைந்ததால். சிங்கப்பூரின் சிங்ஹெல்த் மருத்துவமனைக் குழுமத்தில் 2018-ல் 15 லட்சம் நோயாளிகளின் விவரம் போனது. ஃபின்லாந்தின் வஸ்தாமோ மனநல மையத்திலிருந்து திருடிய ஆலோசனைக் குறிப்புகளை வைத்து 2020-ல் நோயாளிகளை ஒவ்வொருவராக மிரட்டிப் பணம் கேட்டார்கள். திருடப்பட்ட லாகினுக்கு உரிமை கூடக் கூட, சேதமும் கூடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜி.டி.பி.ஆர். 9-ஆம் பிரிவில் உடல்நலத் தரவைத் தனி வகையாக வைக்கிறது. அமெரிக்காவில் ஹிப்பா பொது விதி. போதைப் பழக்க சிகிச்சைப் பதிவுகளுக்கு 1970-களிலிருந்தே கூடுதல் விதி உண்டு. ‘தேவையான அளவு மட்டும்’ என்ற ஹிப்பா கட்டுப்பாடு, சிகிச்சைக்காகத் தகவல் தருவதற்குப் பொருந்தாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இந்தியாவில் மனநலப் பராமரிப்புச் சட்டமும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டமும் 2017-லேயே ரகசியத்தை உரிமையாக எழுதிவிட்டன. தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது.

நாங்கள் சின்ன கிளினிக். ஐ.டி. ஆளே இல்லை. எதிலிருந்து தொடங்குவது?

ஆளுக்கு ஒரு லாகின். போனவர்களின் கணக்கை மூடுங்கள். வெளியிலிருந்து நுழைய இரண்டடுக்குச் சரிபார்ப்பு போடுங்கள். சாஃப்ட்வேர் விற்றவரிடம், ‘இந்த நோயாளியின் கோப்பை இதுவரை யார் யார் திறந்தார்கள் என்று இப்போது எனக்குக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். அவரால் காட்ட முடியவில்லை என்றால் அடுத்த ஒப்பந்தத்துக்கு முன் வேறு சாஃப்ட்வேர் தேடுங்கள். வரவேற்பு மேசையின் மானிட்டரைக் கொஞ்சம் திருப்பி வையுங்கள், அதற்குச் செலவே இல்லை.

கோப்பைச் சுருக்கித் தரும் ஏ.ஐ. உதவியாளரைச் சேர்க்கப் போகிறோம். அதற்கு எந்த உரிமை தருவது?

தனியாக எதுவும் தராதீர்கள். கேட்பவருக்கு எவ்வளவு தெரியலாமோ அவ்வளவுதான் அதற்கும் தெரிய வேண்டும். வசதிக்காக எல்லாவற்றையும் படிக்கும் ஒரு பொதுக் கணக்கில் அதை இணைத்துவிடுவார்கள். அப்புறம் பில்லிங் கிளார்க் ‘இவருக்கு ஏன் இத்தனை அப்பாயின்ட்மென்ட்?’ என்று கேட்டால், மறைத்துவைத்த மனநலக் குறிப்பிலிருந்து அது பதில் சொல்லும். லாகிலும் கோப்பைத் திறந்தவர் பெயராக உதவியாளரின் பெயர்தான் நிற்கும், கேட்ட கிளார்க்கின் பெயர் இருக்காது. முதலில் சொன்ன அந்தச் சோதனை நோயாளியை இதிலும் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு ரோலிலிருந்தும் நேராகக் கேளுங்கள், சுற்றி வளைத்தும் கேளுங்கள், என்ன சொல்கிறது என்று பாருங்கள்.